கடைசியாக வருகிறவளுக்கும் நேரம் உண்டு

கண்ணம்மா,

நேற்று போனில் பேசும்போது உன் குரல் நடுங்கியது. வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் கல்லூரிகளுக்கு இடையிலான தடகளப் போட்டியை நடத்தும் பொறுப்பு உன் தலையில் ஏறிவிட்டது. 1978-இல் எனக்கும் இதே நடுக்கம்தான். சென்னை நந்தனத்தில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியில் படித்துவிட்டு, ஒரு டிரங்குப் பெட்டியோடு சிகந்தராபாத் ஸ்டேஷனில் வந்து இறங்கினேன். தெலுங்கும் தெரியாது, உருதும் தெரியாது. முப்பத்து நான்கு வருஷம் இந்த ஊர் மைதானங்களில் போட்டி நடத்தினேன். விதிப் புத்தகம் உன்னிடம் இருக்கிறது, என்னைவிட நன்றாகவே படித்திருக்கிறாய். நான் தப்புச் செய்து தெரிந்துகொண்டதை மட்டும் இதில் எழுதுகிறேன். மாமா சொன்னால் கேட்பாய் என்ற நம்பிக்கையில்.

1. முதலில் இது என்ன வேலை என்று மனதில் வாங்கிக்கொள். ஒரு பெண் பத்து மாதம் விடியலில் எழுந்து ஓடியிருப்பாள். அத்தனை உழைப்பும் பதின்மூன்று விநாடியில் முடிந்துவிடும். அது நடந்தது, இந்த நேரத்தில் நடந்தது, இவள்தான் ஓடினாள் என்று சொல்ல நம்மைவிட்டால் ஆள் கிடையாது. நாம் அங்கே சாட்சிகளாக நிற்கிறோம். பந்தல், பேனர், மாலை, மேளம் எல்லாம் சாட்சி உட்காரும் நாற்காலிக்குச் செய்யும் அலங்காரம். நாற்காலி ஆடாமல் இருக்க வேண்டும். நான் கீழே எழுதுவதெல்லாம் இதைச் சுற்றித்தான்.

2. கோட்டை நீயே நின்று போடு. மாலி போட்டுவிட்டான், போன வருஷத்து அளவுதான் என்று யாராவது சொன்னால் நம்பாதே. முன் ஏர் போன வழியேதான் பின் ஏர் போகும். நான் வந்த முதல் வருஷம், உள்விளிம்பில் செங்கல் வரம்பு கட்டிய மொரம் ட்ராக். 400 மீட்டருக்கு ஒவ்வொரு லேனுக்கும் எவ்வளவு முன்தள்ளிக் கோடு போட வேண்டும் என்று மனக்கணக்காக வைத்திருந்தேன்: 7.66 மீட்டர். இரண்டாவது லேனுக்கு மட்டும் 7.04 மீட்டர்தான் என்பதை மறந்துவிட்டேன். வரம்பு இருக்கும்போது முதல் லேனின் நீளத்தை வரம்பிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி அளக்க வேண்டும், மற்ற லேன்களைக் கோட்டிலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளி. வித்தியாசம் அங்கேதான் வருகிறது. அன்று இரண்டு முதல் எட்டு வரை எல்லா லேன்களுக்கும் 62 சென்டிமீட்டர் சலுகை கொடுத்துவிட்டேன், முதல் லேன் பையனைத் தவிர. அவன் நெஞ்சளவில் தோற்றான். ராத்திரி சாப்பிட உட்கார்ந்தபோது எனக்கு உறைத்தது. மறுநாள் அவன் கல்லூரியைத் தேடிப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். போகவில்லை. புது வேலை, பயம். அவன் முகம் இன்னும் நினைவிருக்கிறது.

3. நேரம் குறிப்பவர்களைப் புகையைப் பார்க்கச் சொல், சத்தத்தைக் கேட்க விடாதே. 100 மீட்டர் தள்ளி வெடிக்கும் துப்பாக்கியின் சத்தம் காதுக்கு வந்து சேர ஏறக்குறைய 0.3 விநாடி ஆகும். சத்தத்துக்கு வாட்சை அழுத்தினால் அந்த 0.3 விநாடி ஓடுகிறவனுக்கு இலவசம். ஒரு பையனுக்கு அப்படி 10.9 கிடைத்தது. நிஜத்தில் அது 11.2. எனக்குத் தெரிந்தது. ஆனாலும் பையன் துள்ளிக் குதிப்பதைப் பார்த்துவிட்டு, இருக்கட்டுமே, சந்தோஷப்படட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன். அடுத்த மாதம் பெரிய மீட்டுக்குப் போனான். மின்னணு நேரம். தன் நேரத்துக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. தன் கால்தான் தன்னைக் கைவிட்டது என்று நினைத்து ஓட்டத்தையே விட்டுவிட்டான். பொய்யாகக் கொடுத்த நேரம் கந்துவட்டிக் கடன் மாதிரி, வாங்கினவனே வட்டியோடு கட்ட வேண்டும். மூன்று வாட்ச் வை. இரண்டு ஒத்துப்போனால் அந்த நேரம், மூன்றும் வேறு வேறாக இருந்தால் நடுவில் உள்ளது. நூறில் ஒரு பங்கு மிச்சமிருந்தாலும் மேலே உள்ள பத்தில் ஒரு பங்குக்கு ஏற்றிக்கொள், கீழே இறக்காதே.

4. காகித வேலையை அலட்சியம் செய்யாதே. உன் வயசுப் பெண்களுக்கு மைதானம் பிடிக்கும், ஃபைல் பிடிக்காது. எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஜோதி யர்ராஜியின் கதையைச் சொல்கிறேன். விசாகப்பட்டினத்துப் பெண், நம் ஹைதராபாத்தில் இந்திய விளையாட்டு ஆணையத்தின் (சாய்) மையத்தில் பயிற்சியாளர் ரமேஷிடம் இருந்தவள். 2020 ஜனவரியில் மூட்பித்ரியில் நடந்த அகில இந்தியப் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் 100 மீட்டர் தடை ஓட்டத்தை 13.03 விநாடியில் ஓடினாள். அப்போது தேசிய சாதனை அனுராதா பிஸ்வாலின் 13.38, 2002-இல் வந்தது. ஆனால் ஊக்கமருந்துச் சோதனை நடக்கவில்லை, தேசிய சம்மேளனத்தின் தொழில்நுட்பப் பிரதிநிதியும் அங்கே இல்லை. அதனால் சாதனைப் பட்டியலில் ஏறவில்லை. 2022 ஏப்ரலில் கோழிக்கோட்டில் 13.09 ஓடினாள். அன்று பின்காற்று விநாடிக்கு 2.1 மீட்டர், விதி அனுமதிப்பது 2.0 வரை. அதுவும் போயிற்று. கடைசியில் அதே வருஷம் மே மாதம் சைப்ரஸில் 13.23 ஓடித்தான் சாதனை அவள் பெயருக்கு வந்தது.

காற்றை நம்மால் நிறுத்த முடியாது. அளக்க முடியும். 100 மீட்டருக்குக் காற்றுமானியை முடிவுக் கோட்டிலிருந்து 50 மீட்டர் தள்ளி, முதல் லேனின் ஓரத்தில், 1.22 மீட்டர் உயரத்தில் வை. துப்பாக்கி வெடித்ததிலிருந்து 10 விநாடிக்கு அள, தடை ஓட்டத்துக்கு 13 விநாடி. உங்கள் கல்லூரியில் காற்றுமானி இல்லையென்றால் உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் யாரையாவது பிடித்து இரவல் கேள். ஒரு கல்லூரி மீட்டில் தேசிய சாதனையா வரப் போகிறது என்று சிரிப்பார்கள். யாருடைய கால் எந்த நாளில் மலரும் என்று யார் கண்டார்கள்? அந்த நாளில் நம் மேஜை தயாராக இருக்க வேண்டும்.

5. இதை இரண்டு தடவை படி.

ஈட்டி, வட்டு, சங்கிலிக் குண்டு இவற்றில் இரண்டை ஒரே நேரத்தில் ஒரே மைதானத்தில் நடத்தாதே. யார் சொன்னாலும் நடத்தாதே. மழை வரும், இருட்டிவிடும், பஸ் போய்விடும், பிரின்சிபால் கோபிப்பார். எது வந்தாலும் சரி.

நான் பல வருஷம் நடத்தியிருக்கிறேன். ஒரே நாளில் முடிக்க வேண்டும், வேறு வழியில்லை என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டு. ஒரு தடவை கொடி குத்திக்கொண்டிருந்த இரண்டாம் வருஷப் பெண்ணுக்குக் கை எட்டும் தூரத்தில் ஆண்கள் வட்டு வந்து விழுந்தது. இரண்டு கிலோ. புல்லில் குழி பறித்துக்கொண்டு நின்றது. அவள் சிரித்தாள், நாங்களும் சிரித்தோம். தப்பித்தவர்கள் சிரிப்பதுதானே வழக்கம். அதன் பிறகும் நான் அட்டவணையை மாற்றவில்லை என்பதை உன்னிடம் மறைக்க மாட்டேன்.

2019 அக்டோபரில், ஓய்வு பெற்று ஏழு வருஷம் ஆன பிறகு, கேரளத்திலிருந்து ஒரு செய்தி வந்தது. கோட்டயம் மாவட்டம் பாலாவில் மாநில ஜூனியர் தடகளப் போட்டி. ஈட்டியும் சங்கிலிக் குண்டும் ஒரே சமயத்தில் நடந்தன. உதவிக்கு வந்திருந்த ஒரு பள்ளிக்கூடத்துப் பையன், பிளஸ் ஒன் படிக்கிறவன், ஈட்டி விழும் பக்கம் நின்றிருந்தான். சங்கிலிக் குண்டு அவன் தலையில் பட்டது. இரண்டு வாரத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில் கிடந்து இறந்துபோனான். அவன் போட்டிக்காரன்கூட இல்லை. உதவிக்கு வந்த குழந்தை. அன்று ராத்திரி நான் தூங்கவில்லை. உன் அத்தை எழுந்து வந்து என்ன என்று கேட்டாள். அது என் மைதானத்தில் நடந்திருக்க வேண்டியது, என்னைத் தப்பவிட்டு அங்கே போய் விழுந்துவிட்டது என்றேன்.

ஆகவே செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். எறியும் பகுதியைச் சுற்றி, கோட்டுக்கு வெளியேயும் தாராளமாக இடம் விட்டுக் கயிறு கட்டு. பேகம் பஜாரில் நைலான் கயிறு மொத்தமாகக் கிடைக்கும், கணக்குப் பார்க்காமல் வாங்கு. கொடி குத்துகிற பிள்ளைகள் எறிபவரைப் பார்த்தபடிதான் நிற்க வேண்டும், ஒருபோதும் முதுகைக் காட்டக் கூடாது. ஈட்டியைத் திருப்பி எறிய விடாதே, கையில் செங்குத்தாகப் பிடித்து நடந்து வரட்டும். வட்டத்தையும் களத்தையும் பார்க்கிற ஒருவர் கையில் விசில் இருக்கட்டும், அவர் ஊதாமல் யாரும் எறியக் கூடாது. செல்போன் அந்தக் கயிற்றுக்கு உள்ளே போகவே கூடாது. வலைக்கூண்டில் ஒரு கண்ணி அறுந்திருந்தாலும் அன்றைக்குச் சங்கிலிக் குண்டு கிடையாது. நேரம் போதவில்லையா, மறுநாள் வை. மறுநாளுக்கு மைதானம் கிடைக்கவில்லையா, அந்தப் போட்டியை ரத்து செய். பதக்கம் போனால் அடுத்த வருஷம் வரும்.

6. வெயிலுக்கு மரியாதை கொடு. சென்னை வெயில் நம்மை நனைத்துவிடும், அதனாலேயே உஷாராக இருப்போம். தக்காணத்து வெயில் வியர்வையை உடனே காயவைத்துவிடும். எவ்வளவு நீர் போயிற்று என்று பிள்ளைக்குத் தெரியாது. நீண்ட ஓட்டங்களை விடிந்ததும் வை, எட்டு மணிக்குள் முடித்துவிடு. ஓடிவிட்டுத் தள்ளாடுகிற பிள்ளை சம்பந்தமில்லாமல் பேசினால், உடம்பு கொதித்தால், அது வெறும் மயக்கம் இல்லை, ஹீட் ஸ்ட்ரோக். முதலில் குளிரவை, அப்புறம்தான் ஆம்புலன்ஸில் ஏற்று. ஐஸ் போட்ட தண்ணீர் பெரிய தொட்டியில் தயாராக இருக்கட்டும். அதில் கழுத்து வரை உட்கார வை, ஒருவர் தோளைப் பிடித்துக்கொள்ளட்டும். தொட்டி இல்லாவிட்டால் ஈரத் துணியும் ஐஸும் வாளி வாளியாக. நாங்கள் அந்தக் காலத்தில் விசிறிக்கொண்டும் முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டும் நேரத்தை வீணாக்கினோம். அது அறியாமை. உனக்கு அந்தச் சாக்கு கிடையாது.

7. தலைமை விருந்தினருக்காக ஓட்டத்தை நிறுத்தி வைக்காதே. ஒரு முறை, மிகப் பெரிய மனிதர் வருகிறார், 100 மீட்டர் இறுதி அவர் கண் முன்னால் நடக்க வேண்டும் என்று எங்கள் நிர்வாகம் சொன்னது. உடம்பைச் சூடேற்றிக்கொண்டு வந்த எட்டுப் பையன்களை நாற்பது நிமிஷம் வெயிலில் உட்கார வைத்தேன். கார் வந்தது, மாலை போட்டோம், துப்பாக்கி வெடித்தது. ஐந்தாவது லேன் பையன் முப்பதாவது மீட்டரில் தொடையைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். அந்தப் பெரிய மனிதர் நல்லவர், ஓடி வந்து அவனைத் தூக்கினார். இவர்கள் காத்திருந்தார்கள் என்று தெரிந்திருந்தால் நடத்திவிடச் சொல்லியிருப்பேன் என்றார். யாரும் அவரிடம் கேட்கவே இல்லை, அதுதான் உண்மை. அட்டவணையை அச்சடித்து ஒரு வாரம் முன்பே அழைப்பிதழோடு அனுப்பு. எந்த நேரத்துக்கு வந்தால் எந்த ஓட்டம் பார்க்கலாம் என்று பணிவாகக் குறிப்பிடு. பெரும்பாலானவர்கள் புரிந்துகொள்வார்கள்.

8. பெயரைச் சரியாகக் கூப்பிடு. மைக் உன் கையில் வந்ததும் முதலில் பட்டியலைப் படித்து, தெரியாத பெயர்களை அந்தந்தக் கல்லூரிக்காரர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள். என் தமிழ் நாக்கில் உருதுப் பெயர்கள் எல்லாம் சிதைந்து வரும். ஒரு பையனை மூன்று தடவை கூப்பிட்டேன், வரவில்லை, பெயரை அடித்துவிட்டேன். அவன் பந்தலுக்குப் பத்தடி தள்ளி ஷூவைக் கட்டிக்கொண்டு காத்திருந்தான். நான் கூப்பிட்டது தன் பெயர் என்று அவனுக்குத் தெரியவில்லை. அதன் பிறகுதான் இரானி ஹோட்டலில் சாய் குடித்துக்கொண்டே உருது கற்றேன், கற்றுக்கொடுத்தவர்கள் பெரும்பாலும் என் மாணவர்கள்தான். அறிவிப்பை ஆங்கிலத்தில் மட்டும் செய்யாதே, தெலுங்கிலும் உருதுவிலும் சொல்.

சொன்னது புரியாமல் விழிக்கிற பிள்ளையைத் திமிர் பிடித்தவள் என்று நினைத்துவிடாதே. வாரங்கல் பக்கம் கல்லெடா கிராமத்துப் பெண் தீப்தி ஜீவன்ஜி, அறிவு வளர்ச்சிக் குறைபாட்டோடு பிறந்தவள். ஊரில் கேலிப்பேச்சு கேட்டு வளர்ந்தவள். ஹைதராபாத்தில் பயிற்சி பெற்று 2024-இல் கோபேயில் 55.07 விநாடியில் 400 மீட்டர் ஓடி, மாற்றுத்திறனாளிகளுக்கான தன் பிரிவில் உலக சாதனை செய்தாள், அதே வருஷம் பாரிஸ் பாராலிம்பிக்கில் வெண்கலம் வாங்கினாள். இப்படி ஒரு பெண் உன் பந்தலில் வந்து பதில் பேசாமல் நிற்கலாம். பொறுமையாக இன்னொரு தடவை சொல். கையைப் பிடித்து லேனுக்குக் கூட்டிப் போ.

9. மைக்கில் யாரையும் திட்டாதே. உதவிக்கு வந்த மாணவியை, பேட்டனைத் தவறவிட்ட பையனை, தாமதமாக வந்த நடுவரை, யாரையும். ஊர் கேட்கத் திட்டியதை ஊர் கேட்க மன்னிப்புக் கேட்டாலும் அழிக்க முடியாது.

10. சிபாரிசு வரும். இதுதான் உன்னைச் சோதிக்கப் போகிற இடம்.

மைதானத்தில் கொடுக்கும் சர்டிபிகேட் வெறும் காகிதம் என்று நினைக்காதே. அதை வைத்துத்தான் பிள்ளைகள் பல்கலைக்கழக அணிக்குப் போகிறார்கள், விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வேக்கும் போலீசுக்கும் போகிறார்கள். அதனால் வேறு ஆளை ஓட வைப்பது, வயதைக் குறைத்துக் காட்டுவது, படிக்காத கல்லூரியின் பனியனைப் போட்டுக்கொண்டு வருவது எல்லாம் நடக்கும். எண்பதுகளில் ஒரு கல்லூரியின் ஓட்டக்காரன் அந்தக் கல்லூரி மாணவனே இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எஸ்.எஸ்.சி. மெமோவில் ஒரு பெயர், அடையாள அட்டையில் வேறு. அந்தக் கல்லூரிக்காரர் எனக்கு உதவி செய்தவர். என் பெரியவன் பள்ளிச் சேர்க்கைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். பார்க்காத மாதிரி கையெழுத்துப் போட்டேன். மூன்று பேருக்கு இடம், நான்காவதாக வந்த பையன் வெளியே போனான். நல்கொண்டா பக்கத்து விவசாயக் குடும்பம். இடம் ஏன் போயிற்று என்று அவனுக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்த ஒரே ஆள் நான்.

சிபாரிசுக்கு இணங்கும்போது யாருக்கு உதவி செய்கிறோம் என்பது கண்ணுக்குத் தெரியும், யார் வயிற்றில் அடிக்கிறோம் என்பது தெரியாது. தெரியாத அந்த நான்காவது பையனை நினைத்துக்கொண்டு உட்கார். மெமோவை மூலப் பிரதியில் பார். ஆள் முகத்தையும் படத்தையும் ஒத்துப்பார். கூடுமானவரை யாரிடமும் முன்னதாகக் கடன்படாதே. நீ கண்டிப்பானவள் என்று முதல் வருஷமே பெயர் வந்துவிட்டால் இரண்டாம் வருஷம் கேட்கவே மாட்டார்கள்.

11. பெண் பிள்ளைகளின் உடம்பைப் பற்றி உன் மைதானத்தில் யாரும் வாய் திறக்கக் கூடாது. குரல் கனமாக இருக்கிறது, நெஞ்சு இல்லை, ஆம்பளை மாதிரி ஓடுகிறாள் என்று தோற்றவர்கள் பக்கத்தில் முணுமுணுப்பு வரும். அந்த இடத்திலேயே அதை நிறுத்து. புதுக்கோட்டை மாவட்டத்துக் கத்தக்குறிச்சியில் செங்கல் சூளைத் தொழிலாளர் வீட்டில் பிறந்து ஓடி வந்த சாந்தி, 2006-இல் தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கினாள். பாலினச் சோதனை என்று சொல்லிப் பதக்கத்தைப் பிடுங்கியதோடு விடவில்லை, அந்தரங்கத்தை ஊர் முழுக்கப் பேசினார்கள். ஒடிசாவின் துத்தி சந்தையும் இதே போன்ற ஒரு பாலின விதியைக் காட்டி 2014-இல் காமன்வெல்த் அணியிலிருந்து நீக்கினார்கள். அவள் சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றம் வரை போய் வழக்காடினாள், 2015-இல் அந்த விதியையே நிறுத்தி வைத்தார்கள். 2018 ஜகார்த்தாவில் இரண்டு வெள்ளி. நம் ஹைதராபாத் ட்ராக்கில்தான் பயிற்சி செய்தாள். எல்லாப் பெண்ணுக்கும் வழக்காடத் தெம்பு இருக்காது. நீ பெண், இதில் நான் செய்யத் தெரியாததை நீ செய்ய முடியும். உடை மாற்றப் பூட்டுப் போட்ட அறை, சுத்தமான கழிவறை, நாப்கின், பக்கத்தில் ஒரு பெண் ஆசிரியர். இது இல்லாமல் துப்பாக்கியை எடுக்காதே. எங்கள் காலத்தில் பிள்ளைகள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் ஓடினார்கள். ஏன் என்று கேட்க எனக்குப் பல வருஷம் தோன்றவில்லை.

12. ஆட்சேபம் சொல்ல வருகிறவர்களை விரோதியாகப் பார்க்காதே. முடிவு அறிவித்த அரை மணிக்குள் வந்தால் உட்கார வைத்துக் கேள். சந்தேகம் இருந்தால் ஓடவிடு, பிறகு தீர்மானி. 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் பக்கத்து லேன் சீன வீராங்கனை முன்கூட்டியே கிளம்ப, கூடவே அசைந்த ஜோதியையும் வெளியேற்றப் பார்த்தார்கள். அந்தப் பெண் அங்கேயே நின்று நியாயம் கேட்டாள். இருவரையும் ஓடவிட்டுப் பிறகு ஆராய்ந்து சீன வீராங்கனையை நீக்கினார்கள். வெண்கலமாக இருந்தது வெள்ளியாயிற்று. அவசரத்தில் காட்டிய சிவப்பு அட்டையோடு அனுப்பியிருந்தால் அந்த ஓட்டத்தைத் திரும்பக் கொண்டுவர யாரால் முடியும்? தப்பு உன்னுடையது என்று தெரிந்தால் அன்றைக்கே சொல்லிவிடு. 62 சென்டிமீட்டரை நாற்பத்தைந்து வருஷத்துக்கும் மேலாகச் சுமக்கிறவன் சொல்கிறேன்.

13. “வெறும் பி.டி.தானே” என்று ஸ்டாஃப் ரூமில் ஒரு பேச்சு காதில் விழும். விழட்டும். இந்த ஊர் ரஹீம் சாஹிப் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து, உடற்கல்வியில் டிப்ளமா வாங்கி வந்தவர். இந்தியக் கால்பந்து அணிக்கு 1951-இலும் 1962-இலும் ஆசிய விளையாட்டுத் தங்கம் வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். இரண்டாவது தங்கத்தின்போது புற்றுநோய் அவரை அரித்துக்கொண்டிருந்தது. அவர் நடந்த மண்ணில் இந்த வேலை செய்கிறாய்.

14. மாலிக்கும் அட்டெண்டருக்கும் உதவி மாணவர்களுக்கும் முதலில் டிபன் கொடு, அப்புறம் நீ சாப்பிடு. 2003-இல் கச்சிபௌலி மைதானத்தில் ஆப்பிரிக்க-ஆசிய விளையாட்டு நடந்தபோது எனக்கு நீளம் தாண்டும் குழியருகே ஒரு சின்ன வேலை கிடைத்தது. மணலைச் சமப்படுத்துகிறவர்களோடு நானும் ரேக் பிடித்தேன். பாரிஸ் உலகப் போட்டியில் வெண்கலம் வாங்கி இரண்டு மாதம்கூட ஆகாத அஞ்சு பாபி ஜார்ஜ் தாண்டித் தங்கம் எடுத்தாள். அவள் குதித்த தடத்தை நான் இழுத்து மூடினேன், அடுத்தவள் சுத்தமான மணலில் விழ வேண்டுமே. இருபத்தைந்து வருஷம் மைக் பிடித்ததைவிட அந்த வாரம் எனக்கு நிறைவாக இருந்தது. கூட ரேக் பிடித்த ஆள், எந்த இடத்தில் ஈரம் போதவில்லை என்று காலால் தொட்டே சொல்லுவார். அப்படிப்பட்டவர்களிடம் கேட்டுக் கற்றுக்கொள்.

15. கடைசியாக ஒன்று. இதை எழுதத்தான் ராத்திரி உட்கார்ந்தேன், மற்றதெல்லாம் வழியில் வந்தது.

எண்பதுகளின் நடுவில் ஒரு மீட். அப்போது பெண்களுக்கு 3,000 மீட்டர்தான், 5,000 பின்னால் வந்தது. எல்லாமே தாமதமாகி, சாயங்காலம் வெளிச்சம் மங்கிவிட்டது. வெளியூர்ப் பெண்கள் கௌலிகுடா பஸ் ஸ்டாண்டில் கடைசி பஸ் பிடிக்க வேண்டும். முதல் மூன்று பேர் வந்தார்கள், பிறகு நாலைந்து பேர். ஒரு பெண் மட்டும் இரண்டு சுற்றுப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தாள். ஒல்லியாக, வெறுங்காலோடு. நேரம் குறிப்பவர்களை நான்தான் எழுந்திருக்கச் சொன்னேன். மேஜையைத் தூக்கிவிட்டார்கள், கயிற்றைச் சுருட்டிவிட்டார்கள். அவள் அந்த இரண்டு சுற்றையும் ஓடி முடித்தாள். ஒரு ஆள்கூட இல்லாத கோட்டை, ஓட்டம் குறையாமல் தாண்டினாள். நேரே என்னிடம் வந்தாள். மூச்சு வாங்க, “நா டைம் எந்த சார்?” என்று தெலுங்கில் கேட்டாள், என் நேரம் எவ்வளவு என்று.

என்னிடம் நேரம் இல்லை. அதைச் சொல்லவும் தைரியம் இல்லை. பதினைந்து நிமிஷம் பத்து விநாடி என்றேன். நம்ப வேண்டும் என்பதற்காக அந்தப் பத்து விநாடியையும் சேர்த்தேன். அவள் யாரிடமோ பேனா வாங்கி, உள்ளங்கையில் அதை எழுதிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

அதற்குப் பிறகு நான் நடத்திய எந்த மீட்டிலும், கடைசி ஆள் கோட்டைத் தாண்டும் வரை ஒரு வாட்சும் நின்றதில்லை, ஒரு நாற்காலியும் நகர்ந்ததில்லை. நீயும் அப்படியே செய். கடைசி ஓட்டக்காரிக்கென்றே ஒருவரை வாட்சோடு நிறுத்து. அவள் நேரத்தைத் தாளில் எழுதி அவள் கையில் கொடு. மற்றவர்களுக்குக் கைதட்டியதைப் போலவே அவளுக்கும் தட்டச் சொல். நீண்ட ஓட்டங்களை விடிந்ததும் வை என்று ஆறாவதில் எழுதினேனே, அதற்கு வெயில் ஒரு காரணம், இது இன்னொரு காரணம்.

உன் மீட்டுக்கு நானும் வருகிறேன். மேடையில் எனக்கு நாற்காலி போட்டுவிடாதே. நீளம் தாண்டும் குழியருகே ஒரு ரேக் கொடு, முழங்கால் இன்னும் தாங்குகிறது. குழி மணலை முந்தின ராத்திரியே தண்ணீர் தெளித்து நனைத்து வைக்கச் சொல். காலை ஐந்தரைக்கு கேட் திறந்திருக்கட்டும்.

அன்புடன்,
மாமா